அறுந்த நரம்பும் செம்மறி ஆடும்: வாசகர் கேள்வி – பதில்

கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் எப்படித் திரும்ப வளர்கிறது, அதை ஆராய ஏன் செம்மறி, பன்றி போன்ற பெரிய விலங்குகள் தேவைப்படுகின்றன என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். ஊர்ப் பேச்சில் இரத்தக்குழாயையும் நரம்பு என்போம். இறைச்சிக் கறியில் பல்லில் இழுபடுகிற தசைநாணையும் நரம்பு என்போம். இங்கே நரம்பு என்பது மூளைக்கும் முண்ணாணுக்கும் உடலுக்கும் இடையே செய்தி காவுகிற அந்த வெள்ளை நாரை மட்டுமே குறிக்கும்.

யன்னல் கண்ணாடி உடைஞ்சு தம்பியின்ர மணிக்கட்டில வெட்டிப்போட்டுது. நரம்பைத் தைச்சிருக்கினம். நாலு மாதம் பொறுத்துப் பாப்பம் எண்டு டொக்டர் சொல்லுறார். தைச்சாப் பிறகும் ஏன் உடனே வேலை செய்யாது? எலியில நரம்பு வடிவாச் சுகம் வந்தது எண்டு வாசிச்சன். பிறகேன் அதையே ஆட்டிலயும் செய்து பாக்கினம்?
– ஒரு அக்கா, சாவகச்சேரி

தையலால் இணைவது நரம்பின் உறை மட்டுமே. அறுந்த மின்கம்பியின் இரு முனையையும் முறுக்கிவிட்டால் விளக்கு எரியும். நரம்பில் அப்படி நடக்காது. நரம்புக்குள் ஓடும் ஒவ்வோர் இழையும், அதாவது ஒவ்வோர் அக்சனும், முண்ணாணுக்குள்ளோ அதற்குப் பக்கத்திலோ இருக்கிற ஒரு கலத்தின் நீண்ட வால். வெட்டுப்பட்ட இடத்துக்குக் கீழே உள்ள வால் முழுவதும் சில நாட்களில் சிதைந்து போய்விடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளையின் நாக்கு நரம்புகளை வெட்டிப் பார்த்து இதைக் கண்டறிந்தார். சிதைந்தவை துப்புரவானபின் எஞ்சுவது, இழையைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் கலங்கள் வரிசையாக நிற்கும் நுண்ணிய வெறுங்குழாய்கள். மேல்முனையிலிருந்து இழை புதிதாக முளைத்துத் தையலைத் தாண்டி, அந்தக் குழாய்களுக்குள் நுழைந்து, தசை வரைக்கும் வளர்ந்துபோக வேண்டும். மனிதரில் அந்த வளர்ச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். மணிக்கட்டிலிருந்து பெருவிரலின் அடித்தசைக்கு 7, 8 சென்ரிமீற்றர். தையலைத் தாண்டப் பிடிக்கும் சில வாரங்களையும் கூட்டிப் பாருங்கள். டொக்டர் சொன்ன நாலு மாதக் கணக்கு வந்துவிடும்.

இதே வெட்டு முழங்கையில் பட்டிருந்தால் கைக்குள் இருக்கிற சிறு தசைகளுக்கு 30 சென்ரிமீற்றர் அளவு தூரம். பத்து மாதம், ஒரு வருடம் ஆகும். மோட்டார் சைக்கிளில் விழுந்து கழுத்தடி நரம்புகள் கிழிந்தவருக்கு விரல் வரை 60, 70 சென்ரிமீற்றர். ஏறத்தாழ இரண்டு வருடம். தசை அவ்வளவு காலம் பொறுத்திராது. நரம்பில்லாமல் கிடக்கும் தசை மெலிந்து, இடையில் கொழுப்பும் நாரும் ஏறி, 12 முதல் 18 மாதத்துக்குள் பெரும்பாலும் மீட்க முடியாத நிலைக்குப் போய்விடும். காத்திருக்கும் ஷ்வான் கலங்களும் மாதங்கள் போகப்போக இழையை வரவேற்கும் திறனை இழந்துவிடும். பெரியவர்களின் நரம்புக் காயம் என்பது இழைக்கும் காலத்துக்கும் நடக்கும் ஓட்டப்போட்டி.

எலியில் இந்தப் போட்டியே இல்லை. அதன் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் சில சென்ரிமீற்றர்தான். அதன் இழை நாளுக்கு 2, 3 மில்லிமீற்றர் வளரும். தசை கெடமுன்னம், ஷ்வான் கலங்கள் களைக்கமுன்னம், இழை போய்ச் சேர்ந்துவிடும். தடிப்பும் வேறு. எலியின் தொடை நரம்பு 1, 1.5 மில்லிமீற்றர்தான் இருக்கும். அங்கே இடைவெளியை நிரப்ப வைத்துத் தைத்த நரம்புத் துண்டுக்கு, அதாவது ஒட்டுக்கு, ஒட்சிசனும் ஊட்டமும் சுற்றியுள்ள இழையத்திலிருந்தே ஊறி வந்துவிடும். மனித நரம்பளவு தடித்த ஒட்டில் புதிய இரத்தக்குழாய் ஓடிச் சேராவிட்டால் நடுப்பகுதி செத்துப்போகும். மனிதரில் தடித்த நரம்பை ஒரே துண்டாக ஒட்டாமல், கெண்டைக்காலில் இருந்து எடுத்த மெல்லிய நரம்பை மூன்று நான்கு துண்டாக்கிப் பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பதற்குக் காரணமும் இதுவே.

இடைவெளியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒட்டுக்குப் பதிலாக இரு முனைக்கும் இடையே ஒரு குழாயை வைப்பதும் உண்டு. கோரான் லுண்ட்போர்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1982இல் எலி நரம்பின் இரு முனைகளையும் சிலிக்கோன் குழாய்க்குள் விட்டுப் பார்த்தார்கள். 10 மில்லிமீற்றர் இடைவெளியை நரம்பு தானாகவே கடந்தது. 15 மில்லிமீற்றரைக் கடக்கவில்லை. ஆகவே எலியில் 10 மில்லிமீற்றரைக் கடக்க வைத்த ஒரு புதுக் குழாய், வெறுங்குழாயே செய்து முடிக்கிற வேலையைத்தான் செய்திருக்கிறது. ஒரு யோசனை பிழையில்லை என்பதற்கு எலி சாட்சி சொல்லும். மனிதக் கையில் 4 சென்ரிமீற்றர் இடைவெளியை அது கடக்குமா என்பதற்கு எலியால் சாட்சி சொல்ல முடியாது. அதற்குத்தான் செம்மறி.

பெரிய விலங்கு என்றால் எது? நாய், பன்றி, செம்மறி, குரங்கு எல்லாவற்றையும் ஆய்வுக் கட்டுரைகளில் காண்கிறேன். எந்த நரம்பை, எந்த வகைக் காயத்தைத் தேர்வது?
– மருத்துவ பீட மாணவர், திருநெல்வேலி

முதலில் கேள்வியைத் தேர்ந்துகொள்ளுங்கள். விலங்கு அதன்பின் தானாகவே தீர்மானமாகும்.

நரம்புக் காயத்துக்கு 1943இல் செடன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்த மூன்று படிகளை நினைவில் வையுங்கள்: நசிந்து செய்தி மட்டும் தடைப்பட்டது, உள்ளிழை அறுந்து உறை தப்பியது, முழுவதும் அறுந்தது. நரம்பை இடுக்கியால் நசித்துச் செய்யும் காயத்தில் குழாய்கள் அப்படியே இருப்பதால் பெரும்பாலும் தானாகவே சுகம் வரும். அதைக் கொண்டு ஒரு குழாயையோ ஒட்டையோ சோதிப்பது வீண்வேலை. மருந்து ஒன்று வளர்ச்சியை விரைவுபடுத்துகிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும். இடைவெளியை நிரப்பும் பொருளைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு துண்டை வெட்டி எடுக்கத்தான் வேண்டும். செம்மறியில் 3 முதல் 6 சென்ரிமீற்றர் வரை எடுப்பது வழக்கம்.

வளர்ந்த செம்மறியின் நரம்பு மனிதக் கை நரம்பைப் போலச் சில மில்லிமீற்றர் தடிப்புள்ளது. உள்ளே இழைகள் பல கற்றைகளாகத் தனித்தனி உறையுடன் கிடக்கும். சாதுவான பிராணி, கூட்டமாக நிற்கும், நிறை ஓரளவில் நின்றுவிடும். பன்றியின் தோலும் உடலியல்பும் மனிதருக்குக் கிட்ட என்பது உண்மை. ஆனால் சாதாரண வளர்ப்புப் பன்றி ஆய்வு முடியமுன்னமே 100 கிலோவைத் தாண்டிவிடும். கால் வளர நரம்பும் நீளும். வைத்த ஒட்டு நீண்டதா நரம்பு வளர்ந்ததா என்று பிரித்தறிய முடியாது. அதனால்தான் குறும்பன்றி இனங்களை எடுக்கிறார்கள். குரங்கிடம் மட்டுமே மனிதக் கை போன்ற கை உண்டு. பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு கடலையை எடுக்கிற திறனை வேறெதிலும் அளக்க முடியாது. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற நார்ப் புரதத்தால் செய்த குழாயை 1990களில் குரங்கின் மணிக்கட்டு நரம்பில் 5 மில்லிமீற்றர் இடைவெளியில் சோதித்தார்கள். அவ்வகைக் குழாய் ஒன்றுக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் கருத்தில், செம்மறியில் விடை கிடைக்கக்கூடிய கேள்விக்குக் குரங்கைத் தொடவே கூடாது.

நரம்புத் தேர்வில்தான் புதியவர்கள் அதிகம் பிழை விடுகிறார்கள். எலியில் செய்வதைப் போலப் பெரிய தொடை நரம்பை அப்படியே வெட்டினால் செம்மறி அந்தக் காலை ஊன்ற முடியாமல் இழுக்கும், குளம்புக்கு மேலே தோல் தேய்ந்து புண்ணாகும், படுத்தே கிடக்கும். முழங்காலுக்கு வெளிப்புறமாக இறங்கும் பெரோனியல் கிளையை மட்டும் எடுத்தால் நிற்க முடியும், நடக்க முடியும். குளம்பைத் தூக்க முடியாமல் சிலவேளை முன்பக்கம் மடித்து ஊன்றும். அந்த இடத்துக்குப் பஞ்சு வைத்துக் கட்டி, தேவையானால் மட்டையும் வைத்தால் சமாளிக்கலாம். முன்னங்காலின் மீடியன் நரம்பும் நல்ல தெரிவே; ஆனால் உடல் நிறையில் பாதிக்கு மேல் முன்னங்காலில்தான் இறங்குகிறது என்பதை மறக்கவேண்டாம்.

இரண்டு காலையும் ஒரே விலங்கில் வெட்டி எண்ணிக்கையை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் யோசிப்பதுண்டு. அது கூடாது. மறுகால் வெட்டப்படாமல் இருப்பதால்தான் விலங்கு நடமாடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் அளவும் அதிலிருந்தே கிடைக்கிறது.

எங்கட வீட்டில ஆடும் செம்மறியும் நிக்குது. ஊர்ச் செம்மறி இப்பிடி ஆய்வுக்குச் சரிவருமோ? போன வருசம் ஒரு மறிக்கு மயக்க ஊசி போட்டவுடன வயிறு ஊதி, வாயால தண்ணி வந்து செத்துப்போச்சு. மயக்க மருந்து ஆட்டுக்கு ஒத்துவராதோ?
– ஆடு வளர்ப்பவர், வட்டுக்கோட்டை

யாழ்ப்பாணத்து ஊர்ச் செம்மறி எங்கள் வெயிலுக்கும் வரண்ட மேய்ச்சலுக்கும் பழகிய இனம். உடல் சிறியது. ஐரோப்பிய இனங்களின் கால் நீளம் அதில் இல்லை. அந்த அளவுக்கு நரம்பின் தூரமும் குறையும். நீண்ட தூர ஆய்வுக்கு அது ஒரு குறை. ஆனால் தடிப்பான நரம்பு, பல கற்றை, நடந்து திரியும் கால் ஆகியவை அதிலும் உண்டு. பல வீடுகளில் ஒவ்வொன்றாக வாங்கிய ஆடுகள் மட்டும் சரிவராது. வயது, நிறை, பால் ஒன்றுபோல் இருக்கவேண்டும். குடற்புழுவும் கால் நோயும் இல்லாமல் சில வாரம் முன்னதாகவே ஒரே கொட்டிலில் பழகியிருக்க வேண்டும்.

உங்கள் மறிக்கு நடந்தது அசைபோடும் பிராணிகளுக்கெல்லாம் பொதுவான ஆபத்து. ஆட்டின் முதல் இரைப்பை ஒரு புளித்துக்கொண்டிருக்கும் பீப்பாய். எந்நேரமும் வாயு உண்டாகிக்கொண்டிருக்கும். விழித்திருக்கும் ஆடு ஏப்பமாக விட்டுவிடும். மயங்கிய ஆட்டுக்கு ஏப்பம் வராது. வயிறு ஊதி நெஞ்சறையை நெரிக்கும். அதோடு இரைப்பைத் தண்ணீர் தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போனால் கதை முடிந்தது.

தடுக்கும் வழிகள் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் 24 மணித்தியாலம் குழையோ புல்லோ தீனோ கொடுக்கக்கூடாது, 12 மணித்தியாலம் தண்ணீர் கொடுக்கக்கூடாது. இது வளர்ந்த ஆட்டுக்கு. பால்குடிக் குட்டிக்கு இப்படிப் பட்டினி போடக்கூடாது. காற்றுப்பையுள்ள மூச்சுக்குழாய் போட்டு, பையை ஊதி அடைக்கவேண்டும். இரைப்பைக்குள் ஒரு தடித்த ரியூப் விட்டு வாயுவை வெளியேற்ற வேண்டும். மல்லாக்கக் கிடத்தினால் நிறைந்த இரைப்பை பெரிய நாளத்தை அமுக்கிவிடும். பக்கவாட்டில் கிடத்துவது நல்லது. கழுத்தின் கீழே ஒரு துவாய் உருளையை வைத்துத் தொண்டை உயரவும் மூக்கு தாழவும் செய்தால் உமிழ்நீர் வெளியே வடியும். ஆடு மயக்கத்திலும் நிறைய உமிழ்நீர் சுரக்கும். அதை நிறுத்த நினைப்பதைவிட வடியவிடுவதே மேல்.

மருந்தளவு இன்னொரு பொறி. சைலசீன் என்ற அமைதி மருந்து குதிரைக்குப் போடுவதில் பத்திலொரு பங்கே ஆட்டுக்குப் போதும். அந்தச் சிறு அளவிலும் சில செம்மறிகளுக்கு நுரையீரலில் நீர் கோத்து ஒட்சிசன் விழுந்துவிடும். கால்நடை வைத்தியர் பக்கத்தில் நிற்காமல் இந்த மருந்தைத் தொட வேண்டாம்.

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். இடைவெளியை வெட்டிக் குழாயோ ஒட்டோ வைக்கும் சத்திரசிகிச்சையைப் படிப்படியாகச் சொல்வீர்களா? எங்கே பிழைக்கும்?
– மாணவி, கோப்பாய் (படிப்பது பேராதனையில்)

மயக்கத்தின் ஒழுங்கை மேலே சொன்னோம். இதற்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு: தசை தளர்த்தும் மருந்து கொடுக்கக்கூடாது, வெட்டமுன் அந்த நரம்பின்மேல் விறைப்பூசியும் போடக்கூடாது. நரம்பை மின்னால் தூண்டிப் பார்க்கும் கருவியை இரண்டும் ஊமையாக்கிவிடும். எந்தக் கிளை எந்தத் தசைக்குப் போகிறது என்று தூண்டிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். காலை இறுக்கிக் கட்டி இரத்தத்தை நிறுத்தினால் அரை மணித்தியாலமளவில் நரம்பு தானாகவே செயலிழக்கத் தொடங்கும். அதன்பின் எடுக்கும் அளவுகள் எல்லாம் பொய்.

தோலை வெட்டியபின் தசைகளை வெட்டாதீர்கள். இரண்டு தசைக்கு இடையே உள்ள வெண்படலத்தைப் பிரித்து இறங்குங்கள். நரம்பைக் கண்டவுடன் தெரியும். தசைநாண் மினுமினுத்த வெள்ளையாக விறைப்பாக இருக்கும். நரம்பு மெல்லிய மஞ்சள் கலந்த வெள்ளையாக, மென்மையாக, மேலே பட்டுத்துணியில் ஓடும் அலைபோலக் குறுக்குக் கோடுகளுடன் கிடக்கும். மெதுவாக நீட்டினால் கோடு மறையும், விட்டால் திரும்ப வரும். உள்ளே அக்சன்கள் நெளிந்து கிடப்பதால் வரும் கோடு அது. கால் நீளும்போது அறாமல் நீண்டு கொடுப்பதற்கு நரம்புக்கு உள்ள கையிருப்பு அந்த நெளிவுதான். தைத்து முடித்தபின் கோடு முழுதாக மறைந்திருந்தால் இழுவிசை கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கவேண்டிய துண்டை வெட்டமுன் அளந்து, இரு எல்லைக்கு அப்பாலும் உறையில் ஒவ்வொரு நுண்தையலை ஒரே நேர்க்கோட்டில் போட்டு அடையாளம் வையுங்கள். பிறகு நரம்பு முறுகாமல் இருக்க அதுவே வழிகாட்டி. வெட்டியவுடன் இரு முனையும் பின்வாங்கும். 3 சென்ரிமீற்றர் எடுத்தால் இடைவெளி அதைவிடக் கூடுதலாகத் தெரியும். எடுத்த நீளம், பின்வாங்கியபின் இடைவெளி என்று இரண்டையும் குறித்துவையுங்கள். ஒன்றை மட்டும் எழுதிய கட்டுரைகளை மற்றவற்றோடு ஒப்பிட முடியாது. கத்தரிக்கோலால் வெட்டினால் முனை நசியும். நாக்கு அமத்தும் மரத்தட்டின்மேல் நரம்பை வைத்துப் புதிய பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தில் கற்றைகள் சிறு காளான்போல் வெளியே பிதுங்கினால் நல்ல முனை.

தன் நரம்பையே ஒட்டாக வைக்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது வழக்கம். இல்லையேல் வளரும் இழைகள் ஒட்டின் பக்கக் கிளைகளுக்குள் போய் வழிதவறும். ஒட்டு இடைவெளியைவிடப் பத்திலொரு பங்காவது நீளமாக இருக்கட்டும், அது சுருங்கும். குழாய் என்றால் உள்விட்டம் நரம்பைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கவேண்டும். வெட்டிய நரம்பு அடுத்த நாட்களில் வீங்கும். அளவாகப் பிடித்த குழாய் அப்போது கழுத்தை நெரித்ததுபோலாகும். ஒவ்வொரு முனையையும் 2 மில்லிமீற்றர் அளவு உள்ளே இழுத்து, 8-0 அல்லது 9-0 என்ற அளவுள்ள மிக மெல்லிய நைலோன் நூலால் உறையோடு மட்டும் தையுங்கள். கற்றைக்குள் ஊசி போகக்கூடாது. நேரடித் தையலுக்கு நாலு முதல் ஆறு தையல் போதும். தையல் கூடக்கூடத் தழும்பும் கூடும்.

குழாயை மூடமுன் உவர்நீரால் நிரப்பிக் காற்றுக் குமிழியையும் இரத்தக் கட்டியையும் வெளியேற்றுங்கள். முதல் நாட்களில் இரு முனையிலிருந்தும் கசியும் நீரில், இரத்தம் உறையும்போது உண்டாகும் பைபிரின் என்ற புரதத்தால் ஒரு கயிறு உருவாகும். ஷ்வான் கலங்கள் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே நகரும். இடைவெளி நீளமானால் அந்தக் கயிறு நடுவில் உடுக்கின் இடைபோலச் சிறுத்துப்போகும், அல்லது அறும். நீண்ட குழாய்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். குழாய்க்குள் இழைகளோ ஜெல்லோ வைத்து நிரப்பும் முயற்சிகள் எல்லாம் இந்த நடுப்பகுதியைக் காப்பாற்றத்தான். அதிகம் வைத்து அடைத்தாலும் கெடுதி. இழை போக இடமிருக்காது.

தோலை மூடமுன் மேசையில் வைத்தே முழங்காலை முழுதாக மடக்கியும் நீட்டியும் பாருங்கள். மனிதரிடம் மூன்று கிழமை கையை அசைக்காதே என்று சொல்லலாம். செம்மறி மயக்கம் தெளிந்த சில மணித்தியாலத்தில் எழுந்து நடந்துவிடும். மேசையில் இழுபடாதது மட்டுமே கொட்டிலில் தப்பும். குழாய் மூட்டுக்கு நேரே வந்தால் மடிந்து நசியும். அதற்கு மேலோ கீழோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கிழமை சிறிய கொட்டிலில் விடுங்கள். தனியாக விடவேண்டாம், இன்னொரு செம்மறி கண்ணுக்குத் தெரிய நிற்கவேண்டும். எங்கள் சித்திரை வெயிலில் இலையான் பெரிய எதிரி: காயத்தில் ஒரு பகலில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். வலையடித்த கொட்டில், காய்ந்த நிலம், நாளுக்கு இரண்டு முறை காயம் பார்க்கும் ஆள் ஆகிய மூன்றும் இல்லாவிட்டால் அந்த மாதங்களில் தொடங்கவேண்டாம்.

ஆட்டிடம் கேட்க முடியாதே. உணர்ச்சி வந்தது, பலம் வந்தது என்று எப்படித் தெரியும்?
– உயர்தர மாணவி, பருத்தித்துறை

ஒரே அளவை நம்பக்கூடாது என்பதுதான் பதிலின் சாரம். நரம்பைத் தையலுக்கு மேலே மின்னால் தூண்டி, தசையில் மின்வாய் வைத்துத் துலங்கலைப் பதிவார்கள். 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு இடத்தில் தூண்டி, துலங்கல் 2 மில்லிசெக்கன் வித்தியாசத்தில் வந்தால் வேகம் செக்கனுக்கு 50 மீற்றர். இந்த வேகம் மிக வேகமான இழைகளை மட்டும் காட்டும். பத்து இழை மட்டும் பிழைத்திருந்தாலும் வேகம் நன்றாகத் தெரியலாம். எத்தனை இழை தசையைப் போய்ச் சேர்ந்தன என்பதைத் துலங்கலின் உயரமே கூறும். கால் குளிர்ந்திருந்தால் ஒரு பாகைக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வேகம் குறையும். ஆகவே தோலின் வெப்பநிலையையும் குறிக்காத பதிவைக் குப்பையில் போடலாம். பக்கத்துத் தசையின் மின்னலை கசிந்து வந்து ஏமாற்றுவதும் உண்டு.

நடையை அமுக்கத்தட்டின்மேல் நடக்கவிட்டு அளப்பார்கள்; குளம்புக்கு மேலே தோலைக் கிள்ளி, கால் இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். செம்மறி ஒரு காலின் குறையை மற்றக் கால்களால் மறைப்பதில் கெட்டி. நடை திருந்தியது என்பதால் நரம்பு திருந்தியது என்றாகிவிடாது.

கடைசியில் நரம்பை எடுத்து, சுருங்காமல் ஒரு தக்கையில் குத்தி நீட்டிப் பதப்படுத்தி, ஒரு மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு) தடிப்பில் சீவி, நீலச்சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் எண்ணுவார்கள். இங்கும் ஒரு பொறி: ஓர் இழை வெட்டுமுனையில் பல கிளை விடும். தையலுக்குக் கீழே இழைகளின் எண்ணிக்கை சுகமான நரம்பைவிடக் கூடுதலாகவே தெரியலாம். எல்லாம் மெல்லியவை, பாதி வழிதவறியவை. எண்ணிக்கையோடு இழையின் விட்டமும், இழையைப் போர்த்தும் மயலின் என்ற கொழுப்புறையின் தடிப்பும் சேர்ந்தால்தான் பொருளுண்டு. எண்ணுபவருக்கு எது குழாய், எது ஒட்டு என்று தெரியக்கூடாது. ஆறு செம்மறியிலிருந்து 600 சீவல் எடுத்தாலும் கணக்கில் எண் ஆறுதான், அறுநூறு இல்லை.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், சைவ உணவுக்காரன். வாய் பேசாத ஒரு சீவனின் காலை வெட்டி மனிதனுக்கு மருந்து தேடுவது சரிதானா?
– நல்லூர்

ஐயா, உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தப் பக்கத்தை எழுத எங்களுக்கு மனமில்லை. வெட்டுப்படும் செம்மறிக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல.

எங்கள் நிலைப்பாடு இதுதான். சோதிக்காமல் மனிதரில் வைத்த குழாய் தோற்றால், நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் வளரும் இழை அந்த மாதங்களைத் திரும்பப் பெறாது. ஒரு தச்சரின் கை, ஒரு தையற்காரியின் விரல் நிரந்தரமாகப் போய்விடும். அதற்காகவே ஒரு சில விலங்குகளில் சோதிப்பதை ஏற்கிறோம். ஆனால் கலவளர்ப்பிலும் எலியிலும் விடை கிடைக்கக்கூடிய கேள்வியோடு செம்மறியிடம் போகக்கூடாது. விலங்காய்வுக்கென 1959இல் ரசல், பேர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் எழுதிவைத்த மூன்று கடமைகள் இன்றும் அடிப்படை: மாற்று வழி இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை. சரியாகத் திட்டமிடாமல் நாலே நாலு ஆட்டில் செய்து விடை தெரியாமல் முடிப்பதும் கொடுமைதான். அந்த நாலும் வீணாகச் செத்தன.

செம்மறி வலியை மறைக்கும் பிராணி; வேட்டையாடப்படும் இனத்தின் இயல்பு அது. அசைபோடுவதை நிறுத்துவது, பல்லை நெருமுவது, காது தொங்குவது, கூட்டத்தைவிட்டு விலகி நிற்பது ஆகியவற்றைத் தெரிந்த கண் வேண்டும். வலி மருந்து முதல் வெட்டுக்கு முன்னமே தொடங்கவேண்டும். எந்த நிலையில் ஆய்வை நிறுத்தி விலங்கை வேதனையின்றி விடுவிப்பது என்பதைத் தொடங்கமுன்னமே எழுதி, நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். நாட்டில் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1907இலிருந்தே உண்டு. சட்டம் கேட்பது குறைந்தபட்சம். நீங்கள் கேட்பது அதைவிடக் கூட. நீங்கள் கேட்பதுதான் நியாயம்.

அறுந்த நரம்புக்கு பீ12 குளிசை அல்லது எண்ணெய் பூசினால் வளருமா?
– அச்சுவேலி

உடலில் பீ12 குறைந்தவருக்கு அந்தக் குளிசை அவசியம். முழுதாக அறுந்த இரு முனையை எந்தக் குளிசையும் எண்ணெயும் இணைக்காது. எண்ணெய் பூசி ஆறு மாதத்தைக் கழிப்பது, தைக்கக்கூடிய காலத்தை இழப்பது. வெட்டுக்குப்பின் விரல் விறைத்திருந்தால் அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

தம்பியின்ர கையை இந்த நாலு மாதமும் எப்பிடிப் பாக்கிறது?
– மேலே கேட்ட அதே அக்கா

உணர்வில்லாத விரல் சுடுவதை அறியாது. தேநீர்க் கோப்பை, அடுப்படிச் சட்டி, மோட்டார் சைக்கிளின் சைலன்சர் எல்லாவற்றையும் மறுகையால் தொட்டுப் பார்த்தபின்தான் இந்தக் கை தொடவேண்டும். இயன்மருத்துவர் சொன்ன முறையில் மூட்டுகளை மற்றக் கையால் அசைத்துக்கொள்ளட்டும். நரம்பு வரும்போது மூட்டு இறுகியிருந்தால் பயனில்லை. விரல் பக்கமிருந்து தையலை நோக்கி மறுகை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் விரல்களுக்கு மின்னல் அடித்ததுபோல் இருக்கும். 1915இல் டினெல் என்ற பிரெஞ்சு நரம்பு வைத்தியர் விவரித்த அடையாளம் அது. வளரும் இழையின் முனை அங்கே நிற்கிறது. மாதம் ஒருமுறை பேனையால் குறித்துவைத்தால் மூன்று சென்ரிமீற்றர் அளவு கீழே இறங்கியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு, மூன்று மாதம் நின்றுவிட்டால் குறித்த திகதிவரை காத்திராமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

நரம்புத் தையல் பழக உயிருள்ள விலங்கு வேணுமா?
– பயிற்சி வைத்தியர், ஊர்காவற்றுறை

வேண்டாம். சந்தையில் வாங்கிய கோழித்தொடை போதும். தோலை உரித்து, உட்புறமாக எலும்புக்குப் பின்னே இரண்டு தசையைப் பிரித்தால் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்பில் நரம்பு கிடக்கும். பக்கத்தில் இரத்தக்குழாயும் ஓடும். அதே அலைக்கோடுகளை அதிலும் காணலாம். குளிரூட்டியில் உறையவைத்தது சரிவராது, இழை நொறுங்கும். அன்றைக்கு வெட்டியதாக இருக்கட்டும். உவர்நீரில் நனைத்த துணியால் மூடி வைத்தால் ஒரு பின்நேரம் முழுவதும் தாங்கும். 9-0இல் தொடங்குங்கள். ஆட்டுக் காலுக்குப் போகமுன் கோழியில் ஐம்பது இணைப்பாவது போடுங்கள். ஒவ்வொன்றையும் பிளேட்டால் நீளவாக்கில் பிளந்து, உள்ளே கற்றை நேராக முகத்துக்கு முகம் நிற்கிறதா, மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து வடிவாகத் தெரியும் தையலில் உள்ளே மடிந்த கற்றை ஒன்றாவது இருப்பது முதல் இருபதில் சாதாரணம்.